மடக்கு வாக்கிங் ஸ்டிக் வாங்குறதுக்கு முன்னாடி: எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்விகள்

எங்கம்மாவுக்கு வலது முட்டி தேய்மானம். நாலு வருஷத்துல அஞ்சு ஸ்டிக் வாங்கியாச்சு, அதுல ரெண்டு பரண்ல கிடக்கு, ஒண்ணு கொடிக்கயிறுக்கு முட்டு குடுக்குது. இப்ப சொந்தக்காரங்க, தெருக்காரங்க எல்லாரும் "ஸ்டிக் வாங்கணும்னா இவங்கள கேளு"ன்னு எனக்கு போன் போடுறாங்க. திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான் வருது, அதான் மொத்தமா எழுதி வச்சிட்டேன்.

மடக்குற ஸ்டிக் எதுக்கு? சாதா ஸ்டிக் போதாதா?

வீட்டுக்குள்ள மட்டும் நடக்குறவங்களுக்கு சாதா ஸ்டிக்கே போதும், இன்னும் சொல்லப்போனா அதுதான் நல்லது, ஏன்னா அதுல ஜாயிண்ட்டே கிடையாது, ஆட்டமும் இருக்காது. மடக்குறதுக்கு ஒரே ஒரு லாபம்தான், பைக்குள்ள போகும். ஆனா அந்த ஒரு லாபம் சின்னது இல்லங்க. எங்கம்மா முதல்ல வாங்கின மர ஸ்டிக்க வெளிய எடுத்துட்டே போகமாட்டாங்க. பஸ்ல எங்க வைக்கிறது, கல்யாண வீட்ல எங்க சாத்துறது, வண்டில பின்னாடி உக்காந்தா கையில எப்படி பிடிக்கிறது, இப்படியே சொல்லி சொல்லி அது கதவு மூலையிலயே நின்னுச்சு, இவங்க வெளிய செவுத்த பிடிச்சு பிடிச்சு நடந்தாங்க. மடக்கு ஸ்டிக் வந்ததும் அது ஒயர்கூடைக்குள்ள குடை மாதிரி போயிருச்சு, இப்ப அது இல்லாம தெருமுனை தாண்டுறதில்ல. எவ்வளவு நல்ல ஸ்டிக்கா இருந்தாலும் வீட்ல விட்டுட்டுப் போனா முட்டிக்கு என்ன பிரயோஜனம்.

யாருக்கு இது ஒத்துவராது?

இத முதல்லயே சொல்லிடுறேன். ஒரு பக்கம் லேசா வலி, கொஞ்சம் பிடிமானம் இருந்தா போதும்னு இருக்குறவங்களுக்குத்தான் ஒத்தக்கால் ஸ்டிக். உடம்பு எடைல கால்வாசிக்கு மேல ஸ்டிக் மேல போடக்கூடாதுன்னு பிசியோதெரபிஸ்ட் சொல்லுவாங்க. அதுக்கு மேல சாஞ்சுதான் நிக்க முடியுதுன்னா வாக்கரோ நாலுகால் ஸ்டிக்கோ தான் வேணும். ஸ்ட்ரோக் வந்து இப்பதான் எழுந்து நடக்க ஆரம்பிச்சவங்க, பார்க்கின்சன் இருக்குறவங்க, அடிக்கடி தலை சுத்துறவங்க, இவங்களுக்கு நாமளா முடிவு பண்ணி ஆன்லைன்ல ஆர்டர் போடவே கூடாது.

வீட்லயே ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாக்கலாம், பிசியோ பொண்ணு சொல்லிக் குடுத்தது. நாற்காலில உக்கார வைங்க, அங்கேர்ந்து 3 மீட்டர் அளந்து தரைல சாக்பீஸ்ல கோடு போடுங்க. எழுந்து, கோடு வரைக்கும் எப்பவும் போல நடந்து, திரும்பி வந்து மறுபடி உக்காரணும், மொத்தத்துக்கும் போன்ல டைம் பாருங்க. 12 செகண்ட் இல்ல அதுக்கு மேல ஆச்சுன்னா விழுற வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம், கடைக்குப் போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போங்க. பக்கத்துலயே ஆள் நிக்கணும், தனியா விட்டு பண்ணாதீங்க.

உயரம் எப்படி பாக்குறது?

முக்கியமானதே இதுதான், ஆனா முக்காவாசிப் பேரு இதுலதான் கோட்டை விடுறாங்க. ஸ்டிக்க கடைல எடுத்து "நல்லாருக்கா"ன்னு பிடிச்சுப் பாத்துட்டு பில் போட்டுடுவாங்க.

வெளிய போடுற செருப்ப போட்டுக்கிட்டு நேரா நிக்கச் சொல்லுங்க, கை ரெண்டும் தளர்வா தொங்கட்டும். மணிக்கட்டு உள்பக்கம் ஒரு மடிப்புக்கோடு இருக்கும்ல, அங்கேர்ந்து தரை வரைக்கும் டேப் வச்சு அளங்க. பிடியோட மேல்பக்கம் அந்த உயரத்துல இருக்கணும். சரியா இருந்தா ஸ்டிக்க பிடிக்கும்போது முழங்கை லேசா மடங்கும், ஒரு 15லேர்ந்து 20 டிகிரி. அளக்குறது வேற ஆளா இருக்கணும், அவங்களே குனிஞ்சு அளந்தா கை கீழ போயிரும், அளவு தப்பாயிரும். ஆள் பக்கத்துல இல்ல, போன்லயே கேக்குறீங்கன்னா குத்துமதிப்பா உயரத்துல பாதின்னு வச்சுக்கலாம், ஆனா அது குத்துமதிப்புதான்.

ஸ்டிக் உயரம் ஜாஸ்தியா இருந்தா தோள் தூக்கிக்கிட்டு நிக்கும், அழுத்திப் பிடிக்கவே முடியாது, சும்மா கையில தூக்கிட்டுப் போற மாதிரிதான். கம்மியா இருந்தா ஒரு பக்கமா சாஞ்சு நடப்பாங்க, ஒரு மாசத்துல முதுகுவலின்னு வேற டாக்டர பாக்கணும்.

இப்ப நம்ம ஊருக்கே உண்டான சிக்கல் ஒண்ணு இருக்கு. கடைல கிடைக்கிற மடக்கு ஸ்டிக்ல நிறைய 33லேர்ந்து 37 இன்ச் வரைக்கும்தான் ஏத்தி இறக்க முடியும். எங்கம்மா அஞ்சடி. அவங்க மணிக்கட்டுக்கு 30, 31 இன்ச்தான் வருது. அதாவது அந்த ஸ்டிக்க எவ்வளவு இறக்கினாலும் அவங்களுக்கு ரெண்டு இன்ச் ஜாஸ்தி! நம்ம வீட்டுப் பெரியம்மா, ஆச்சி எல்லாம் பாதிப் பேரு அஞ்சடிக்கு கீழதான், வயசாக வயசாக முதுகு வேற வளைஞ்சு இன்னும் குறையுது. முதல் மடக்கு ஸ்டிக் பரணுக்குப் போனது இதனாலதான். அதுனால குறைஞ்சபட்ச உயரம் எவ்வளவுன்னு முதல்ல கேளுங்க, குள்ளமானவங்களுக்குன்னே சின்ன சைஸ் வருது, தேடினா கிடைக்கும். மடக்கு ஸ்டிக்க ஆசாரிகிட்ட குடுத்து அறுத்துக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, மர ஸ்டிக்கத்தான் அப்படி அறுக்க முடியும்.

வீட்ல வெறுங்காலு, வெளிய செருப்பு. எத வச்சு உயரம் வைக்கிறது?

நல்ல கேள்வி. வெளிய போறதுக்குத்தான் மடக்கு ஸ்டிக், அதுனால செருப்போட வைங்க. சாதா ஹவாய் செருப்புன்னா பெரிய வித்தியாசம் வராது, விட்ரலாம். ஆனா சுகர் இருக்குறவங்க போடுற எம்சிஆர் செருப்பு அடிப்பாகம் தடிமனா இருக்கும், அத கழட்டினா ஒரு இன்ச் கிட்ட இறங்கிடுவோம். உயரம் மாத்துறதுக்கு ஸ்டிக்ல வரிசையா ஓட்டை இருக்கும், உள்ள இருக்குற ஸ்பிரிங் பட்டன் அதுல ஒண்ணுல வந்து மாட்டிக்கும். ஒரு ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் நடுவுல பெரும்பாலும் ஒரு இன்ச்தான் இருக்கும், அதுனால கோயில்ல செருப்ப விட்டுட்டு உள்ள நுழையும்போது ஒரு ஓட்டை இறக்கிக்கலாம். மீனாட்சி அம்மன் கோயில் மாதிரி பெரிய கோயில்ல உள்ள ரொம்ப நேரம் நடக்கணும், அங்க இது நல்லாவே தெரியும். எங்கம்மா செருப்பு ஸ்டாண்ட் பக்கத்துல திண்டுல உக்காந்து பட்டன அமுக்கி இறக்கிட்டுத்தான் எழுந்திருப்பாங்க. பட்டன் ஓட்டைல முழுசா வெளிய வந்து 'டக்'னு நின்னுச்சான்னு விரலால தடவிப் பாக்கணும், பாதி வந்து நின்னா அழுத்தினதும் உள்ள போயிரும்.

எந்தக் கையில பிடிக்கணும்?

வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில. வலது முட்டி வலின்னா இடது கை. சொன்னா யாரும் நம்பமாட்டேங்குறாங்க, "வலிக்கிற பக்கம்தானப்பா முட்டுக் குடுக்கணும்"னு எங்க பெரியப்பா ஒரு மணி நேரம் சண்டை போட்டாரு.

அவருக்கு நான் சொன்னத அப்படியே சொல்றேன். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு நொடி ஒத்தக்கால்ல நிக்கிறோம். வலது கால்ல நிக்கும்போது இடுப்போட இடது பக்கம் கீழ இறங்கப் பாக்கும், அத இறங்கவிடாம வலது இடுப்புத் தசை இழுத்துப் பிடிக்குது. எடையும் அந்த மூட்டு மேல, தசை இழுக்குறதும் அதே மூட்டு மேல, ரெண்டு சுமை. இடது கையில ஸ்டிக் ஊன்றினா இறங்கப் பாக்குற இடது பக்கத்துக்கு அடியிலேயே முட்டு வந்துருது, வலது தசை அவ்வளவு இழுக்க வேண்டியதில்ல. வலது கையிலயே பிடிச்சா இந்த லாபம் போயிரும், ஆளும் அந்தப் பக்கமே சாய்வாங்க. அதுவும் போக, சாதாரணமா நடக்கும்போதே வலது கால் முன்னாடி போனா இடது கைதான முன்னாடி வீசும்? அந்தக் கையில ஸ்டிக் இருக்கு, அவ்வளவுதான். ஸ்டிக்கும் வலிக்கிற காலும் ஒண்ணா முன்னாடி போகணும், அப்புறம் நல்ல கால்.

ரெண்டு முட்டியும் வலின்னா எது ஜாஸ்தியோ அதுக்கு எதிர்க்கை. அந்தக் கையிலயே மணிக்கட்டு வலி, விரல் வீக்கம்னா டாக்டர்கிட்ட கேட்டு மாத்திக்கோங்க.

பிடி எப்படி இருக்கணும்?

குடைக்கம்பி மாதிரி வளைஞ்ச பிடி பாக்க அழகு, கையில மாட்டித் தொங்கவிடலாம், ஆனா உள்ளங்கைல எடை ஒரே இடத்துல குத்தும். மடக்கு ஸ்டிக்ல அது அதிகம் வர்றதும் இல்ல. மேல தட்டையா, லேசா முன்னாடி வளைஞ்சு வர்ற பிடிதான் பெரும்பாலும் இருக்கும், அது பரவாயில்ல, மேஜை விளிம்புல மாட்டி வைக்கவும் ஆகும். விரல் மூட்டு வீங்கி முடக்குவாதம் இருக்குறவங்களுக்கு உள்ளங்கை முழுசா படுற மாதிரி அகலமான பிடி வருது, எடை பரவலா இறங்கும், வலி குறையும். ஒரே விஷயம், அந்த அகலப் பிடி இடது கைக்குத் தனி, வலது கைக்குத் தனி. மாத்தி வாங்கிட்டு வந்துட்டு கட்டைவிரல் எங்க வைக்கிறதுன்னு தெரியலன்னு எங்க சித்தி போன் பண்ணாங்க.

வழுவழு பிளாஸ்டிக் பிடி நம்ம ஊர் வேர்வைக்கு ஆகாது. சித்திரை மாச வெயில்ல பத்து நிமிஷம் நடந்தா கை வழுக்கும். ரப்பர் இல்ல மரப் பிடி பாருங்க. ஸ்பாஞ்ச் பிடி மெத்துன்னு இருக்கும், ஆனா கொஞ்ச நாள்ல வேர்வை நாத்தம் அடிச்சு பிய்ய ஆரம்பிக்குது.

உள்ள எப்படி வேலை செய்யுது? நடுரோட்டுல மடங்கிக்காதா?

எல்லாருக்கும் இந்த பயம் இருக்கு. பெரும்பாலும் நாலு அலுமினியக் குழாய், நடுவுல ஓடுற ஒரு எலாஸ்டிக் கயிறு. உதறினா கயிறு இழுத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் உக்காந்துக்கும், டென்ட் கம்பி மாதிரி. மடக்கணும்னா இழுத்துப் பிரிச்சு ஒண்ணுபக்கம் ஒண்ணா மடிக்கணும், ஒரு அடி நீளத்துக்கு வந்துரும். எடை 300, 400 கிராம் தான்.

நம்ம எடை மேலேர்ந்து கீழ அழுத்தும்போது ஜாயிண்ட் இன்னும் இறுகத்தான் செய்யும், அதுனால நடக்கும்போது மடங்காது. ஆபத்து எங்கன்னா ஜாயிண்ட் முழுசா உக்காராம பாதில நிக்கும்போது. மணல் புகுந்திருந்தாலோ, எலாஸ்டிக் தளர்ந்திருந்தாலோ அப்படி ஆகும். விரிச்சதும் மூணு ஜாயிண்ட்டையும் ஒரு பார்வை பாத்துட்டு, தரைல ஒரு தடவ அழுத்திட்டு, அப்புறம்தான் அடி வைக்கணும். இன்னொண்ணு, ஸ்டிக்க ஊன்றிட்டு தூக்கும்போது கீழ்ப்பாகம் சகதிலயோ கல்லு இடுக்குலயோ மாட்டினா ஜாயிண்ட் பிரிஞ்சுக்கும், அந்த ஜாயிண்ட் அழுத்துனா தாங்கும், இழுத்தா தாங்காது.

நடக்கும்போது டக் டக்னு சத்தம் வருது, டிஃபெக்ட் பீஸா?

டிஃபெக்ட் இல்ல. உயரம் வைக்கிற இடத்துல ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும், அத திருகி இறுக்குங்க, பெரும்பாலும் நின்னுரும். வளையமே இல்லாத மாடல்னா அந்த சத்தத்தோட வாழ வேண்டியதுதான். இறுக்கியும் ஆடுதுன்னா ஓட்டை பெருசாயிருக்கும், அப்ப மாத்திடுங்க.

அடி ரப்பர் ஒத்தக்கால் வேணுமா, அகலமா தானா நிக்கிறது வேணுமா?

அகலமா மூணு விரல் மாதிரி அடி வச்சு, கைய விட்டாலும் தானா நிக்கிற ஸ்டிக் விளம்பரத்துல பாத்திருப்பீங்க. ஆஸ்பத்திரி வராண்டா, மால், ஏர்போர்ட் மாதிரி சமதரைன்னா சூப்பர். பணம் எடுக்கும்போது, பில் கட்டும்போது ரெண்டு கையும் ஃப்ரீ. ஆனா நம்ம தெருவுல பாதி சிலாப் தூக்கி நிக்குது, பாதி குழி, அந்த அகல அடில ஒரு விரல் மட்டும் கல்லு மேல ஏறினா ஸ்டிக்கே ஆடும். சின்னப் படில முழுசா உக்காரவும் செய்யாது. எனக்குக் கேட்டா வெளிய சுத்துறவங்களுக்கு ஒத்த புஷ்ஷே (அடில மாட்டுற ரப்பர்) போதும், கொஞ்சம் அகலமான புஷ்ஷா பாத்துப் போடுங்க.

ஸ்டிக்குக்கு 1500 ரூபா குடுப்பாங்க, அடி ரப்பர் தேய்ஞ்சு கம்பி தெரியும், அத மாத்தமாட்டாங்க. தரைய பிடிக்கிறதே அந்த ரப்பர்தானங்க! மாசத்துக்கு ஒரு தடவ திருப்பிப் பாருங்க. வரிவரியா இருக்குற பள்ளம் மறைஞ்சிருந்தா, ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சிருந்தா, வெடிச்சிருந்தா, மாத்துங்க. சர்ஜிக்கல் கடைல ரப்பர் புஷ்னு கேட்டா குடுப்பாங்க, 16, 19, 22 மில்லி மீட்டர்னு குழாய் சைஸ வச்சு வருது, பழச கையோட எடுத்துட்டுப் போனா பிரச்சனையில்ல. உள்ள ஒரு இரும்பு வாஷர் இருக்கான்னு பாருங்க, இருந்தா குழாய் விளிம்பு ரப்பர அறுத்துட்டு வெளிய வராது. புஷ் லூசா இருக்குன்னு துணி சுத்தி மாட்டுற வேலையெல்லாம் வேணாம்.

எவ்வளவு நல்ல ரப்பரா இருந்தாலும் சோப்புத் தண்ணி, எண்ணெய், அபிஷேகத் தண்ணி தேங்கின கருங்கல், இதுலயெல்லாம் வழுக்கத்தான் செய்யும். பாத்ரூம்ல ஸ்டிக்க நம்பாதீங்க, செவுத்துல ஸ்டீல் கைப்பிடி அடிச்சிருங்க, கொத்தனார் ஒரு நாள் வேலை. டவல் மாட்டுற கம்பிய கைப்பிடின்னு நம்புறவங்களும் இருக்காங்க, அது ஆள் எடைய தாங்காது.

படி ஏறி இறங்குறது?

ஏறும்போது நல்ல கால் முதல்ல, அப்புறம் ஸ்டிக்கும் வலிக்கிற காலும். இறங்கும்போது ஸ்டிக்கும் வலிக்கிற காலும் முதல்ல, அப்புறம் நல்ல கால். உடம்பத் தூக்குறதும் சரி, மெதுவா இறக்குறதும் சரி, நல்ல கால்தான் அந்த வேலைய செய்யணும், அதான் கணக்கு. ஒரு பக்கம் கைப்பிடிச் செவுரு இருந்தா ஒரு கை அதுல, ஒரு கை ஸ்டிக்ல. படில நின்னுக்கிட்டு ஸ்டிக்க மடக்குற வேலை மட்டும் கூடவே கூடாது. பழனி மாதிரி இடத்துக்கெல்லாம் ஸ்டிக் இருக்குற தைரியத்துல படியேறக் கிளம்பிடாதீங்க, விஞ்சும் ரோப்காரும் எதுக்கு இருக்கு.

பஸ், ஆட்டோ, ரயில்ல எப்படி?

டவுன் பஸ் படி உயரம். ஏறும்போது கம்பிய ரெண்டு கையாலயும் பிடிக்கணும், ஸ்டிக் மணிக்கட்டுக் கயித்துல தொங்கட்டும். அந்தக் கயிறு இல்லாத ஸ்டிக்குன்னா ஒரு ஷூ லேஸ் கட்டிக்கோங்க. உள்ள போய் சீட்ல உக்காந்ததுக்கப்புறம்தான் மடக்கணும், எறங்குற ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடி உக்காந்தபடியே விரிச்சுக்கணும். சென்னைல 2024லேர்ந்து ஓடுற தாழ்தள பஸ்ல இந்த ஏறுற கஷ்டம் ரொம்ப கம்மி.

மடக்கினதும் ஒரு பையோ கிளிப்போ போட்டு வைங்க, இது சொல்ல ஒரு காரணம் இருக்கு. ஷேர் ஆட்டோல அம்மா மடில சும்மா மடக்கி வச்சிருந்தாங்க, வண்டி ஸ்பீட் பிரேக்கர்ல தூக்கிப் போட்டதுல கை விட்டுப்போச்சு, எலாஸ்டிக் இழுத்து பளார்னு விரிஞ்சு பக்கத்துல உக்காந்திருந்த ஆள் தொடைல ஒரு அடி. அவரு "ஏம்மா, நான் தள்ளித்தானே உக்காந்திருக்கேன்"னாரு. அன்னிலேர்ந்து ரப்பர் பேண்ட் இல்லாம அம்மா கிளம்புறதில்ல.

பிளைட்ல கொண்டுபோகலாம், செக்கிங்ல எக்ஸ்ரே மிஷின்ல போட்டுப் பாத்துட்டு குடுத்துடுவாங்க. ரயில்ல லோயர் பெர்த் கோட்டா ஆம்பளைங்களுக்கு 60 வயசு, பொம்பளைங்களுக்கு 45, டிக்கெட் போடும்போது அத தேர்ந்தெடுக்க மறந்துடாதீங்க.

வெள்ளைக் கலர்ல கீழ சிவப்பு போட்ட மடக்கு ஸ்டிக் சும்மா கிடைச்சுது, அத பயன்படுத்தலாமா?

வேண்டாம். அது பார்வையற்றவங்க வழி தடவிப் பாக்குறதுக்கான வெள்ளைக்கோல். குழாய் மெலிசு, எடை தாங்குறதுக்காக செஞ்சதே இல்ல. அதுவும் போக, அந்தக் கலர பாத்துத்தான் வண்டிக்காரங்க ஆளுக்குப் பார்வையில்லன்னு தெரிஞ்சு நிறுத்துறாங்க, அக்டோபர் 15ன்னு அதுக்குன்னு ஒரு நாளே வச்சிருக்காங்க. நாம அத தூக்கிட்டுத் திரியக்கூடாது. தெரிஞ்ச பார்வையற்றவங்க யாராச்சும் இருந்தா குடுத்துடுங்க.

லைட்டு, அலாரம், ரேடியோ வச்சது, சீட்டு வச்சது?

லைட்டு ஓகே, கரண்ட் போனா உதவும். மத்ததெல்லாம் பேட்டரி எடை. உக்கார்ற சீட்டு வச்ச ஸ்டிக் ரேஷன் கடை, தரிசன வரிசை இதுக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கும், ஆனா கனம் ஜாஸ்தி, சீட்ட விரிச்சு உக்கார்றதுக்கே கொஞ்சம் பேலன்ஸ் வேணும், அது இருக்குறவங்களுக்கு மட்டும். குடையும் ஸ்டிக்கும் சேந்தது வேண்டவே வேண்டாம், மழை வந்தா எத பண்ணுவீங்க, குடை பிடிப்பீங்களா ஊன்றுவீங்களா?

எடை தாங்குமா? அலுமினியமா, கார்பன் ஃபைபரா?

லேபிள்ல எத்தன கிலோ தாங்கும்னு போட்டிருக்கணும், பெரும்பாலும் 100 கிலோவுக்கு மேல இருக்கும். போடலன்னா வாங்காதீங்க. ஆள் 90 கிலோன்னா 100 போட்டத வாங்காம இன்னும் மேல பாருங்க, தடுமாறும்போது மொத்த எடையும் ஒரே அடியா இறங்கும். கார்பன் ஃபைபர் பஞ்சு மாதிரி இருக்கும், விலை பல மடங்கு. தோள்வலி இருக்குறவங்களுக்கு அது வசதி. அலுமினியம் அடிபட்டா நசுங்குறது கண்ணுக்குத் தெரியும், கார்பன்ல விரிசல் உள்ளுக்குள்ளயே இருக்கும். அலுமினியமே போதும்ங்குறது என் கணக்கு.

கால் மரத்துப் போகுது, வலியில்ல. ஸ்டிக் வேணுமா?

சுகர்ல பாதம் மரத்துப் போனவங்களுக்கு தரை எங்க இருக்குன்னே கால் சொல்லாது, இருட்டுல தடுமாறுவாங்க. இவங்களுக்கு ஸ்டிக் எடை தாங்குறதவிட, தரைய கைக்கு சொல்ற வேலைய செய்யுது, லேசா தொட்டுட்டு இருந்தாலே பேலன்ஸ் கூடும். கண்டிப்பா வாங்கிக் குடுங்க. எந்தக் கைங்கறது இங்க முக்கியமில்ல, பழகின கையில பிடிக்கட்டும்.

அரசாங்கம் இலவசமா குடுக்குதாமே?

ஆமா. ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனான்னு மத்திய அரசுத் திட்டம், 2017 ஏப்ரல் 1ம் தேதி நெல்லூர்ல ஆரம்பிச்சது. 60 வயசுக்கு மேல, வறுமைக்கோட்டுக்கு கீழ இல்லன்னா மாச வருமானம் 15,000 ரூபாய்க்குள்ள இருக்குறவங்களுக்கு வாக்கிங் ஸ்டிக், வாக்கர், நாலுகால் ஸ்டிக், காது மிஷின், வீல்சேர் இதெல்லாம் குடுக்குறாங்க. கான்பூர்ல இருக்குற அலிம்கோங்குற அரசு கம்பெனிதான் செஞ்சு தருது. முதல்ல ஒரு கேம்ப்ல அளவு எடுப்பாங்க, அப்புறம் இன்னொரு கேம்ப்ல பொருள் குடுப்பாங்க, அதுனால நாளைக்கே வேணும்னா ஆகாது. கலெக்டர் ஆபீஸ்ல கேம்ப் எப்பன்னு கேளுங்க, ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று எல்லாம் எடுத்து வச்சுக்கோங்க. அங்க குடுக்குறது எந்த மாடல்னு நாம தேர்ந்தெடுக்க முடியாது, ஆனா உயரத்த உங்க மணிக்கட்டுக்கு வச்சுக்கலாம்ல.

அப்பா ஸ்டிக்க தொடவே மாட்டேங்குறாரு. என்ன பண்றது?

இதுக்கு மருந்து கிடையாது, ஆனா எங்க வீட்ல நடந்தத சொல்றேன். பெரியப்பா "தடி ஊன்றினா கிழவன்னு எழுதி ஒட்டிக்கிட்ட மாதிரி"ன்னாரு. அவரு பழைய திராவிடர் கழகத்துக்காரரு, "பெரியாரே கைத்தடியோடதான ஊரு ஊரா சுத்துனாரு"ன்னேன், சிரிச்சாரு, அடுத்த நாள் வாங்கிட்டு வரச் சொன்னாரு. எங்கம்மாகிட்ட அது வேகாது, அவங்ககிட்ட "பழனில முருகனே தண்டத்தோடதான்மா நிக்கிறான்"னு சொல்ல வேண்டியிருந்துச்சு. ரெண்டு பேருக்கும் உண்மையிலேயே ஒத்துவந்தது என்னன்னா, வேணாங்கும்போது மடக்கி ஒளிச்சு வச்சுக்கலாம்ங்குறதுதான். கல்யாண வீட்டு வாசல் வரைக்கும் ஊன்றிட்டு வந்து, மடக்கிப் பைல போட்டுட்டு, என் கையப் பிடிச்சுட்டு உள்ள வருவாங்க எங்கம்மா. சரி, அப்படியாச்சும் வரட்டுமே. கலரையும் அவங்களே பாத்து எடுக்கட்டும், நாம கறுப்ப வாங்கிட்டு வந்து கையில திணிச்சா வேலைக்காகாது.

எவ்வளவு நாள் உழைக்கும்? பராமரிப்பு?

முதல்ல போறது எலாஸ்டிக். உதறினா தானா சேராம தொங்க ஆரம்பிச்சா தளர்ந்துருச்சுன்னு அர்த்தம், தினம் பத்து தடவ மடக்கி விரிச்சா சீக்கிரமே போகும். அதுனால ராத்திரி வீட்ல மடக்கி வைக்காம விரிச்சபடியே சாத்தி வைங்க. பீச்சுக்குப் போயிட்டு வந்தா ஜாயிண்ட்ட பிரிச்சு மணலத் தட்டி, ஈரத்துணியில துடைச்சு, காயவிடணும், உப்புக்காத்துல பட்டன் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். இறுக்கமா இருக்குன்னு ஜாயிண்ட்ல தேங்காயெண்ணெய் விட்டாங்க எங்க ஆச்சி, அதுல தூசி ஒட்டி பிசின் மாதிரி ஆயிருச்சு. குழாய் வளைஞ்சா நிமித்தாதீங்க, தூக்கிப் போட்டுடுங்க.

ஆன்லைன்ல வாங்கலாமா, கடைக்கே போகணுமா?

முதல் ஸ்டிக்குன்னா நடக்கப் போறவங்களையே கூட்டிட்டு சர்ஜிக்கல் கடைக்குப் போங்க. விரிச்சு, தரைல ஊன்றி, பிடிய அழுத்தி, இடமும் வலமும் திருகிப் பாருங்க, எங்க ஆடுதுன்னு கைக்கே தெரியும். பத்து அடி நடக்க விடுங்க, அவங்களே மடக்கி விரிக்க முடியுதான்னு பாருங்க. விரல்ல பலம் இல்லாதவங்களுக்கு அந்த ஜாயிண்ட்ட இழுத்துப் பிரிக்க வராது, நீங்க பிரிச்சுட்டு "ஈஸியா இருக்கே"ன்னு வாங்கிட்டா பிரயோஜனமில்ல, அவங்க கைதான் கணக்கு. நான் வாங்கின ரெண்டாவது மடக்கு ஸ்டிக் இப்படித்தான் பரணுக்குப் போச்சு.

ஆன்லைன்ல சாதாரண மடக்கு ஸ்டிக் 500லேர்ந்து 1500 ரூபாய்க்குள்ள நிறைய இருக்கு. குறைஞ்சபட்ச உயரம், தாங்குற எடை, புஷ் சைஸ், ரிட்டர்ன் எத்தன நாள், இந்த நாலையும் பாத்துட்டு போடுங்க. வந்ததும் கவர கிழிச்சு எறிஞ்சுடாதீங்க, ரெண்டு நாள் மொட்டைமாடிலயோ வராண்டாலயோ நடக்கவிட்டு, உள்ளங்கை சிவக்குதா, தோள் தூக்குதா, ஜாயிண்ட் ஆடுதான்னு பாத்துட்டு, சரிவரலன்னா அதே கவர்ல போட்டு அனுப்பிடுங்க.